வாடகை சப்போர்ட்

குழாய்களைத் தாங்க நான் கணக்குப் போட்டு நிறுத்திய சப்போர்ட்டுகளின்மேல் மூன்று வருடத்துக் குட்கா எச்சில் காய்ந்து கிடந்தது. சூடான குழாய் வழுக்கிப் போவதற்காக ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லி, அதை வட்டம் போட்டு அனுப்பியிருந்தேன். அந்த இடைவெளியில் காலிக் குட்கா உறைகளைச் செருகி வைத்திருந்தார்கள். ஒரு குழாயில் ஈரத் துண்டு தொங்கியது. இன்னொரு குழாயில், “லூசா ஆடுது” என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஆட வேண்டிய பிடிப்பை அசையாமல் வெல்டிங் வைத்து முடித்திருந்தார்கள். ஹைதராபாத்துக்கு வெளியே, ஊர் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் போக வேண்டிய ரசாயன ஆலை அது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன்.

சிலருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். எனக்கு அங்கே இருப்பது அருவருப்பு. தட்டில் முடி கிடந்தால் அன்று முழுக்கச் சாப்பாடு கிடையாது. பக்கத்து இருக்கைக்காரர் நகத்தைக் கடித்தால் எழுந்து நின்றுகொண்டே பயணம் செய்வேன். “உனக்கு மூஞ்சியே சுளிச்ச மாதிரில்லா அமைஞ்சிருக்கு” என்று என் கணவர் கேலி செய்வார். அதனால் அன்று வந்த அருவருப்பையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொல்லப்போனால், கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. எதிராளியின் குற்றங்களைப் பொறுக்கி எடுக்கத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்.

என் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புக் குழாய் சூடானால் நீளும். இருபது மீட்டர் குழாயில் கொதிக்கிற எண்ணெய் ஓடினால் ஒரு கட்டைவிரல் அளவுக்கு நீளும். அந்த நீட்சியை எந்தப் பக்கம் போகவிடுவது, எங்கே பிடித்து நிறுத்துவது என்று கணக்குப் போட்டு, அதற்கான சப்போர்ட்டுகளைச் சொல்வது என் வேலை. தப்பாக விட்டால் குழாய் போய் பம்பைத் தள்ளும். பம்ப் பார்ப்பதற்குத்தான் முரடு. சின்னத் தள்ளலுக்கே முகம் கோணிக்கொள்ளும். கொண்டாப்பூரில் ஓர் எட்டாவது மாடியில், ஏ.சி. அறையில் உட்கார்ந்து, பதினெட்டு வருடமாக இதைச் செய்கிறேன். கணினியில் குழாயை வரைந்து, சூட்டைக் கொடுத்து ஓடவிட்டால், அளவை மீறிய வரிகள் சிவப்பில் வரும். அடங்கியவை பச்சையில் வரும். நிஜக் குழாயை நான் தொட்டுப் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த ஆலையில் சூடான எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் ஒன்று, நான்கு மாதத்தில் மூன்று முறை, கசிவை அடைக்கும் சீல் உடைந்து எண்ணெயைக் கக்கியிருந்தது. முதல் மூன்று வருடம் அது குறைந்த சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஏதோ புது மருந்துச் சரக்குக்காக எண்ணெயின் சூட்டை முழு அளவுக்கு ஏற்றினார்கள். வியாதி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. இதை வைத்தே குழாயைச் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் யாருக்கு அந்தக் கவலை? பம்ப் விற்ற கம்பெனி குழாயைக் கைகாட்டியது. குழாயை வடிவமைத்த நாங்கள் அலைன்மென்ட்டைக் கைகாட்டினோம். மோட்டாரின் அச்சையும் பம்பின் அச்சையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதற்குப் பெயர் அலைன்மென்ட். அதைச் செய்கிறவர் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் ஒரு ஃபிட்டர். அவருக்குக் கைகாட்டக் கீழே ஆள் இல்லை.

எங்கள் மேனேஜர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர் என்று பெயர் எடுத்தவர். “ஏம் காதுலே அம்மா” என்றார் வழக்கம்போல. ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, குழாயில் குறையில்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்.

அந்த ஃபிட்டரை நான் பார்த்தது எச்சிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான். என் வயதே இருக்கும், நாற்பத்தைந்து. எண்ணெய்க் கறை படிந்த சட்டையில் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். நான் போனில் என் கணவரிடம், “மனுஷன் நடமாடுற இடமா இது, சீ” என்று சொன்னதைக் கேட்டுவிட்டு அருகில் வந்தார்.

“மேடம் தமிழா? நாங்களும் தமிழ்தான். செகந்திராபாத். எங்க தாத்தாவோட அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்தோட வேலூர்ல இருந்து வந்தாரு. அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் போகலை.”

“அப்படியா” என்றேன். அதற்குமேல் பேச்சு வளர்க்க எனக்கு விருப்பமில்லை. நான் மாட்டிவிட வந்த ஆளிடம் ஊர்ப் பாசம் கொண்டாடுவது நாகரிகமில்லை என்ற அளவுக்கு எனக்கு விவஸ்தை இருந்தது.

அவர் விடவில்லை. “மூணு தடவையும் அலைன்மென்ட் நான்தான் பண்ணேன். மூணு தடவையும் ஜீரோ. இவங்க நம்பமாட்டேங்கறாங்க. கைக்கு, எதுக்கு நான் பொய் சொல்லணும்? நாளைக்குக் காலைல எண்ணெயைச் சூடேத்தறப்போ ஒருவாட்டி வந்து நில்லுங்க மேடம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்களே பாருங்க.”

மறுநாள் காலை போனேன். போகாமல் இருந்தால் ரிப்போர்ட்டில் ஒரு பத்தி குறையுமே என்றுதான் போனேன். அவர் பம்பின் அஸ்திவாரத்தில் ஒரு காந்த அடியைப் பொருத்தி, அதில் கடிகாரம்போல இருக்கும், முடியளவு நகர்ந்தாலும் ஊசியில் காட்டிவிடும் டயல் கேஜை மாட்டி, அதன் மூக்கு பம்பின் உடம்பைப் பக்கவாட்டில் தொடும்படி வைத்திருந்தார். ஊசி பூஜ்யத்தில் நின்றது. கண்ணாடியை வேட்டித் துணியால் துடைத்துவிட்டு, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பூஜ்யம்தான். எண்ணெய் சூடேற ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊசி, யாரும் தொடாமல், நகர்ந்தது. ஒரு கோடு, இரண்டு கோடு, ஐந்து கோடு. முக்கால் மணி நேரத்தில் டயலில் அரைச் சுற்று போய் நின்றது.

“பம்பே சூட்டுல வீங்கியிருக்கும்” என்றேன்.

“ஹவ் மேடம், ஆமா, வீங்கும். வீங்கினா மேல போகும், அதுக்குத் தனியா விட்டு வச்சிருக்கேன். இது பக்கவாட்டுல போகுது. யாரோ தள்ளறாங்க.”

அவர் சொன்னது சரி. ஒரு வார்த்தை பிசகில்லாமல் சரி. அவர் நிமிர்ந்து பம்பிலிருந்து நீளமாக ஓடிய குழாயைக் காட்டினார். “நானும் எண்ணிப் பாத்தேன். இவ்ளோ நீளத்துக்கு எல்லாமே கீழே தாங்குற சப்போர்ட்டுதான் இருக்கு. இந்தப் பக்கம் வராதேன்னு நீளவாக்குல புடிச்சு நிறுத்தறது ஒண்ணுகூட இல்லை. ஒரு இடத்துலயாவது இருக்கணுமில்ல?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அதெல்லாம் கணக்குல இருக்கு. நீங்கதான் சைட்ல வைக்காம விட்டிருப்பீங்க” என்று சொல்லிவிட்டு கேன்டீனுக்குப் போனேன். எச்சில் துப்பியவர்கள் ஒரு முழு சப்போர்ட்டையே விழுங்கியிருக்கிறார்கள் என்றால் என் ரிப்போர்ட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மேசையை இரண்டு முறை துடைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

கணக்கில் இருந்தது. பம்பிலிருந்து பதினோரு மீட்டர் தள்ளி, நீளவாக்கில் நிறுத்தும் சப்போர்ட் ஒன்று, அம்புக்குறியோடு. வரைபடத்தைத் திறந்தேன். அந்த இடத்தில் வெறும் குழாய். சப்போர்ட் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழ்வரை போனேன். ஒவ்வொரு சப்போர்ட்டுக்கும் ஒரு எண் உண்டு. இதற்கு எண் இல்லை. சைட்டில் யாரும் எதையும் விழுங்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் அதைச் சொல்லவே இல்லை. பழைய கணக்கு ரிப்போர்ட்டின் முதல் பக்கத்துக்குப் போனேன். கணக்கிட்டவர் என்ற கட்டத்தில் இருந்தது என் கையெழுத்து.

எனக்கு ஞாபகம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால், இந்த ஆலைக்கான ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டிய மாலை. பம்பின்மேல் விழும் சுமை மட்டும் சிவப்பில் நின்றது. அந்த இடத்தில் குழாயை நிறுத்தினால் சரியாகிவிடும் என்று தெரிந்தது. ஆனால் நிறுத்துவதற்குப் பக்கத்தில் கம்பமோ உத்தரமோ கிடையாது. சிவில் பிரிவில் கேட்டேன். அஸ்திவார வரைபடமெல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று, இனி ஒரு கம்பம்கூடக் கூட்ட முடியாது என்றார்கள். மேனேஜர் என் பின்னால் வந்து நின்று, “க்ரீன் சேசேய் அம்மா” என்றார். பச்சையாக்கிவிடு. நான் கணினியில் மட்டும் அந்த சப்போர்ட்டை வைத்தேன். சிவப்பு பச்சையானது. அச்சடித்து அனுப்பினோம். திங்கள்கிழமை சிவில் பிரிவோடு சண்டை போட்டாவது ஒரு கம்பம் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அந்தத் திங்கள்கிழமை வேறு ஒரு ஆலையின் சிவப்பு வந்துவிட்டது.

இதில் பெரிய அசிங்கம் அந்த ஒரு சப்போர்ட் இல்லை. அதற்கு நான் ஒரு பெயர் வைத்தேன். வாடகை சப்போர்ட். ரிப்போர்ட் போகும்வரைக்கும் வாடகைக்கு எடுத்துக்கொள்வது, போனதும் காலி செய்துவிடுவது. மதியச் சாப்பாட்டில் அதைச் சொன்னபோது எல்லோரும் தயிர்சாதம் புரையேறச் சிரித்தார்கள். மறு மாதம் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வாடகை எடுத்தார். பிறகு அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அதை “மேடம் மெத்தட்” என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அதைக் கேட்டு உள்ளூரப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஐந்தாம் வகுப்பில் படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சரிபார்த்தவர் என்றும் ஒரு கட்டம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் சரிபார்ப்பது மொய் வைப்பது மாதிரி. என் ரிப்போர்ட்டுக்கு நீ கையெழுத்து வை, உன்னுடையதற்கு நான் வைக்கிறேன். இதிலும் ஒருவர் வைத்திருந்தார். அவருடைய எத்தனையோ ரிப்போர்ட்டுகளில் நானும் அப்படியே வைத்திருக்கிறேன். உள்ளே என்ன இருந்தது என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குத் தெரியாது.

அதற்குமேல் கேன்டீனில் உட்கார முடியவில்லை. எதிரே ஒருவர் கையை வழித்து நக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அதைக் காரணமாக வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றேன். நிஜமான காரணம் எனக்குத் தெரியும். அந்த எச்சில்காரர்கள் யாரும் பம்பை உடைக்கவில்லை.

அன்று மதியமே கூட்டம். ஆலையின் பராமரிப்புத் தலைவர் மேசையின் தலைப்பக்கம் இருந்தார். எங்கள் மேனேஜர் திரையில் இருந்தார். ஒப்பந்தக்காரரின் ஆள் ஒருவரும், பம்ப் கம்பெனியிலிருந்து ஒருவரும் வந்திருந்தார்கள். ஃபிட்டரை உள்ளே உட்காரச் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்காகக் கதவருகே நிறுத்தியிருந்தார்கள். அவர் டயல் கேஜை ஒரு துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார். காட்டச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

பராமரிப்புத் தலைவர் என்னிடம், “குழாயில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா?” என்று ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார்.

அந்த நிமிடத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. மேனேஜர்கூடத் திரையில் தலையைக் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: “எங்கள் கணக்குப்படி எல்லாம் சரியாக இருக்கிறது.” ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. கணக்குப்படி எல்லாம் சரிதான். பதினெட்டு வருட அனுபவம் இருந்தால்தான் இப்படி ஒரு வாக்கியம் வாயில் வரும். சொல்லி முடித்ததும் கதவுப் பக்கம் என் கண் போனது. அவருக்கு ஆங்கிலம் புரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த துணிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் முடிந்தது. காரணம்: அலைன்மென்ட் சரியில்லை. நடவடிக்கை: ஆளை மாற்றுவது. சாயங்காலம் நான் வண்டி ஏறும்போது அவர் வாசலில் செக்யூரிட்டியிடம் தன் கேட் பாஸைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வண்டிக் கண்ணாடி ஏற்றியிருந்தது. இறக்கவில்லை.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நான் அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன், என் புத்தி அப்படித்தான் போகும். இப்போது எழுந்து நின்று ஒப்புக்கொண்டால் என் பெயர், கம்பெனி பெயர், கையெழுத்துப் போட்டவர் பெயர் எல்லாம் நாறும். அதற்குப் பதிலாக அந்த சப்போர்ட்டை நிஜமாகவே வைத்துவிட்டால்? சீல் உடையாது. உடையாவிட்டால் யார் குற்றம் என்ற பேச்சே அடங்கிப்போகும். நாலு மாதம் கழித்து அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லி ஒரு வார்த்தை போட்டுவிடலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு இத்தனை அழகாகத் திட்டம் போட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு புது வரைபடம் போட்டேன். தலைப்பில், “பொதுவான மேம்பாடு” என்று எழுதினேன். தரையில் ஒரு சின்னக் கான்கிரீட் அடி, அதன்மேல் ஒரு கம்பம், குழாயை நீளவாக்கில் முன்னும் பின்னும் தடுத்து நிறுத்தத் தகடுகள். இரும்பு வேலையைப் பாலாநகரில் ஒரு பட்டறைக்குக் கொடுத்தோம். நானே போய் அளவு பார்த்தேன். அழுக்குத் தரை, காதைக் கிழிக்கும் சத்தம், வெல்டிங் புகை. அன்று எதையும் பார்த்து மூக்கைப் பொத்தவில்லை. இரண்டு வாரத்தில் ஆலையில் கம்பம் நின்றுவிட்டது. முடியவே முடியாது என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் சொன்ன காரியம் இரண்டு வார வேலை. அதை நினைத்தால் எங்கள் எட்டாவது மாடி முழுவதன்மேலும் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

சீல் உடையவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். பம்ப் பூனைக்குட்டிபோல ஓடியது. அந்த மூன்றாவது மாத முடிவில் ஆலையிலிருந்து ஒரு மெயில் வந்தது. அலைன்மென்ட் செய்ய வேறு ஆட்களை அமர்த்திய பிறகு பம்பில் ஒரு பழுதும் இல்லை, ஆகவே பழைய ஃபிட்டரின் வேலைத் திறமையின்மைதான் காரணம் என்பது உறுதியாகிவிட்டது என்று பராமரிப்புத் தலைவர் எழுதியிருந்தார். சுற்றியுள்ள ஆலைகளின் பராமரிப்பு ஆட்களுக்கும் தகவலுக்காக அனுப்பியிருந்தார். அந்த வட்டாரத்தில் இனி எந்தக் கேட்டிலும் அந்த மனிதரை உள்ளே விடமாட்டார்கள்.

நான் வைத்த கம்பம்தான் சாட்சி. அவரைக் காப்பாற்றுவதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்த கம்பம். அதை வைக்காமல் இருந்திருந்தால் புது ஆள் வந்தபிறகும் சீல் உடைந்திருக்கும், ஒரே மாதத்தில் அந்த மனிதர்மேல் இருந்த பழி தானாக விலகியிருக்கும். நான் பம்பைச் சரிசெய்து அவர் குற்றத்தை நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் என் மேசைக்கு வந்து, “சூசாவா அம்மா, நேனு செப்பலேதா” என்றார். பார்த்தாயா, நான் சொல்லவில்லையா என்று. கையில் ஸ்வீட் பாக்ஸ் வேறு. அந்த மைசூர்பாகின் நெய் வாசனை இன்னும் எனக்கு ஆகாது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்ப என்னட்டி, சப்போர்ட்ட வச்சாச்சுல்லா? பம்பு ஓடுதுல்லா? விடு” என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் கட்டின கணவர் வாயிலிருந்து அது வந்தபோது, முதல்முறையாக என் காதில் அது எப்படி விழுகிறது என்று கேட்டேன். அன்றிரவு சாப்பிடவில்லை. தட்டில் முடி எதுவும் இல்லை.

மறுநாள் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக மெயில் எழுதினேன். அந்த இடத்தில் ஒரு சப்போர்ட் கணக்கில் இருந்தது, வரைபடத்தில் இல்லை. விட்டவள் நான். கூட்டத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். சீல் உடைந்தது குழாய் தள்ளியதால், ஃபிட்டரின் வேலையில் குற்றமில்லை. ஆலையின் மெயிலில் யார் யார் இருந்தார்களோ அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அம்மா என்று கூப்பிடவில்லை, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். பராமரிப்புத் தலைவர் ஒரே வரியில் பதில் போட்டார்: பம்ப் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, முடிந்த விஷயத்தைக் கிளற வேண்டாம். மற்றவர்கள் அந்த அளவுக்குக்கூட எழுதவில்லை. ஒப்பந்தக்காரரைப் போனில் பிடித்தேன். அந்த ஆளைப் பற்றி ஆலையில் இப்போது பேச்செடுத்தால் எனக்கு இருக்கிற வேலையும் போய்விடும் மேடம் என்றார். ஃபிட்டரின் வீட்டு விலாசத்தை மட்டும் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செகந்திராபாத் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால், மார்க்கெட்டை ஒட்டின சந்து. அவர் வாசலில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுக்குமாடி வீடுகளுக்கு மோட்டார் ரிப்பேர் பார்ப்பதாகச் சொன்னார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாடகை சப்போர்ட், கூட்டம், கம்பம், மெயில், அதற்கு வந்த பதில். சொல்லி முடித்த பிறகுதான் கேட்டார்.

“மேடம், ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு மீட்டிங்ல எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னீங்களே. அப்போவே தெரியுமா, அப்புறமா தெரிஞ்சுதா?”

அப்புறம்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும் சௌகரியம். “அப்பவே தெரியும்ணா” என்றேன். “என்னை மன்னிச்சிருங்க.”

“நக்கோ மேடம், அதெல்லாம் வேணாம்.” மோட்டாரின் ஒரு திருகாணியை எடுத்து, பார்த்து, திரும்பக் கீழே வைத்தார். “கேட் பாஸ் வாங்கிட்டாங்கல்ல, அதுக்கு மறுநாள் நான் எங்கே போனேன் தெரியுமா? கண் டாக்டர்கிட்ட. ஊசி ஓடினதை நான் பாத்தேன். படிச்சவங்க எல்லாரும் ஒண்ணுமில்லேங்கறாங்க. சரி, நம்ம கண்ணுதான் போச்சு போலன்னு நினைச்சேன். அந்த டாக்டரு, உங்க கண்ணு நல்லா இருக்குப்பான்னாரு. நம்பலை. இன்னொருத்தர்கிட்ட போனேன், அவரும் அதையேதான் சொன்னாரு. அப்பவும் நம்பலை. இந்த நாலு மாசமா டயலைக் கையில எடுக்கவே பயமா இருக்கு மேடம், எடுத்தா தப்பாத்தான் பாப்பேன்னு.”

அவர் குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை மட்டும் எடுத்துச் சுவர் ஓரமாகத் திரும்ப வைத்தார்.

“ஊசி ஓடினதை நாம ரெண்டு பேரும்தான் குனிஞ்சு பாத்தோம்” என்றார். “கண்ணைக் காட்டிக்க நான் மட்டும் போயிருக்கேன்.”